சப்ளையர் கையில் டிப்ஸ் போய்ச் சேர என்ன செய்வது?

சத்துவாச்சாரி மகன்

வேலூர் நண்பர்களுக்கு வணக்கம். ஒரு மாதமாக உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நைனாவை ஆற்காடு ரோடு பக்கம் டிபனுக்கு அழைத்துப் போவது வழக்கம். ராணிப்பேட்டை பெல் கம்பெனியில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அவர் சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருவதே அந்த ஒரு வேளைக்குத்தான். இட்லி, வடை, ஒரு பொடி தோசை, இரண்டு காபி. முன்பெல்லாம் சோம்பு வைத்த சின்னத் தட்டில் மீதிச் சில்லறை வரும். அதில் பத்து ரூபாயை விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

இப்போது நான் நேராகக் கல்லாவுக்குப் போய் போனில் ஸ்கேன் செய்து கட்டிவிடுகிறேன். மீதியும் இல்லை, சில்லறையும் இல்லை. அங்கே இருக்கும் சப்ளையர், நைனாவுக்குப் பல் இல்லாததைப் பார்த்து, கேட்காமலேயே வடையைச் சாம்பாரில் ஊறவைத்துக் கொண்டுவருகிற ஆள். சுடுதண்ணீரும் தானாக வரும். ஒருநாள் வெளியே வந்ததும் நைனா, "இன்னாப்பா, அந்தப் பையனுக்கு ஒண்ணும் வெக்காம வர்ற?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் கல்லாவில், "இருபது ரூபாய் சேர்த்து எடுத்துக்கோங்க, அவருக்குக் கொடுத்துடுங்க" என்றேன். சரி என்றார்கள். அதற்கடுத்த வாரம் சப்ளையரிடம் விசாரித்தால், அவருக்கு அப்படி எதுவும் வரவே இல்லை.

இதற்கு நடுவில் அக்கா பையன் பிறந்தநாளுக்கு ஒரு ஏசி ஓட்டலுக்குப் போனோம். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று 10 சதவீதம், 234 ரூபாய், அவர்களே போட்டிருந்தார்கள். பரிமாறிய தம்பியிடம் கேட்டேன். "அதுல எங்களுக்கு ஒண்ணும் வராதுங்க சார்" என்றார் மெதுவாக.

எப்படிக் கொடுத்தால் அது கொடுக்க நினைத்தவருக்குப் போய்ச் சேரும்? எவ்வளவு கொடுப்பது முறை?

பழைய சப்ளையர்

தம்பி, ஒன்பது வருடம் காந்தி ரோடு பக்கத்துச் சந்தில் ஒரு மெஸ்ஸில் சப்ளையராக இருந்தவன் நான். இப்போது அணைக்கட்டில் சொந்தமாகத் தள்ளுவண்டி போட்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லாவில் கொடுப்பதை மறந்துவிடுங்கள். சில இடத்தில் நேர்மையாகப் பிரித்துக் கொடுப்பார்கள், சில இடத்தில் அன்றைய வசூலோடு கலந்துவிடும். வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியாது. ஜிபேயில் நேராக அனுப்பலாம் என்றால், பல கடைகளில் வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கல்லாக்காரர் பார்க்க நீங்கள் நம்பர் கேட்டால் அந்த ஆளுக்குத்தான் சங்கடம். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கையில் கொடுங்கள், போதும். டிபனுக்குப் பத்து, குடும்பத்தோடு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டால் முப்பது, நாற்பது. இது என் கணக்கு. சதவீதமெல்லாம் நாங்கள் பார்த்ததில்லை. நாணயமாகவும் கொடுக்கலாம், ஆனால் பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்று நம் பக்கம் ஒரு புரளி கிளம்பியதே, அப்போது எல்லோரும் அதை எங்கள் தட்டில்தான் போட்டார்கள். ராத்திரி பஸ்ஸில் கண்டக்டர் அதை வாங்கமாட்டார். ரிசர்வ் வங்கி செல்லும் என்று சொன்னது, யார் கேட்டார்கள்?

இன்னொன்று. எங்களுக்காவது நேரே கிடைக்கும். டேபிள் துடைக்கிற பையன், இலை எடுக்கிற அம்மா, இவர்கள் முகத்தைக்கூடச் சாப்பிடுகிறவர்கள் பார்ப்பதில்லை. எங்கள் மெஸ்ஸில் ராத்திரி கடை கழுவிய பிறகு, வந்ததில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று நாங்களே பேசி வைத்திருந்தோம். முடிந்தால் அவர்கள் கையிலும் ஐந்து ரூபாய் வையுங்கள்.

எங்கள் மெஸ்ஸுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் சிஎம்சி-க்கு வைத்தியத்துக்கு வந்த வங்காளிகள். நான் கற்ற முதல் வங்காளச் சொல் 'காஞ்சா லங்கா', பச்சை மிளகாய். சோற்றோடு அது இல்லாமல் அவர்களுக்கு இறங்காது. ஒரு அம்மாவும் மகனும் நாற்பது நாள் வந்தார்கள். ஒரு சோறு, ஒரு பருப்பு வாங்கிப் பிரித்துச் சாப்பிடுவார்கள். டிப்ஸ் ஒருநாளும் வைத்ததில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு என்று இரண்டு மிளகாய் தனியாக எடுத்து வைப்பேன். ஊருக்குக் கிளம்பிய அன்று ஒரு சிவப்புக் கட்டம் போட்ட துண்டை என் தோளில் போட்டுவிட்டுப் போனார். அது இன்னும் வீட்டில் இருக்கிறது. அதனால் கையில் இல்லாதவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆம்பூர்க்காரி

சர்வீஸ் சார்ஜ் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல்காரர்கள் தாங்களாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, அதையும் கூட்டி மொத்தத்துக்கு ஜிஎஸ்டி போடக் கூடாது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது சரிதான் என்று தீர்ப்பளித்தது. ஓட்டல் சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன. டிப்ஸ் வேறு, அது சாப்பிட்டவர் மனம்போல. அதற்குத் தடை இல்லை.

அடுத்த முறை, "இதை எடுத்துட்டு வேற பில் கொடுங்க" என்று பணிவாகக் கேளுங்கள். மறுத்தால் 1915-க்குப் போன் செய்யலாம். பரிமாறிய தம்பியிடம் கோபப்படாதீர்கள், பில் போடுவது அவர் இல்லை.

குடியாத்தம் தறி

எனக்கு இதில் உடன்பாடே இல்லை. நான் லுங்கி நெய்கிறவன். நல்லா நெய்திருக்கிறாய் என்று எனக்கு யாராவது பத்து ரூபாய் கூட வைக்கிறார்களா? கூலியை உயர்த்து என்றுதான் கேட்கிறோம். சப்ளையருக்கும் அதுதானே நியாயம்? ஓட்டல் வேலைக்கும் தமிழ்நாட்டில் அரசு குறைந்தபட்சக் கூலி வைத்திருக்கிறது. அதை முதலாளி கொடுக்கிறாரா என்று பார்க்கத் தொழிலாளர் துறை இருக்கிறது.

டிப்ஸை வளரவிட்டால் என்ன ஆகும் என்று அமெரிக்காவைப் பாருங்கள். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தரவேண்டியது மணிக்கு 2.13 டாலர் என்று மத்திய சட்டத்தில் 1991-லிருந்து அப்படியே நிற்கிறது. டிப்ஸையும் சேர்த்து 7.25 வரவில்லை என்றால்தான் மீதியை முதலாளி போட வேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில்தான் முழுக் கூலி. என் தங்கை நியூ ஜெர்சியில் இருக்கிறாள். நூற்றுக்குப் பதினெட்டு, இருபது வைக்காமல் எழுந்திருக்க முடியாது என்கிறாள். கூலியைச் சாப்பிட வந்தவன் தலையில் கட்டிவிட்டார்கள். நம் ஊருக்கு அது வேண்டாம்.

பழைய சப்ளையர்

தறி அண்ணா, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எனக்குச் சாப்பாடும் படுக்க இடமும் கொடுத்ததைக் காட்டியே சம்பளத்தை நாலு வருடம் ஏற்றவில்லை. ஆனால் கூலி உயர்கிற வரைக்கும், பையன் நோட்டுப் புத்தகம் வாங்கியது அந்தப் பத்து ரூபாய்களில்தான். இரண்டும் வேண்டும் அண்ணா.

சத்துவாச்சாரி மகன்

எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமையே மளிகைக் கடையில் ஒரு நூறு ரூபாயைப் பத்துப் பத்தாக மாற்றி நைனாவின் சட்டைப் பையில் வைத்தேன். என் பையில் வேண்டாம், அவர் கையாலேயே கொடுக்கட்டும் என்று தோன்றியது. சப்ளையருக்கு இரண்டு நோட்டு, டேபிள் துடைக்கிற பையனைக் கூப்பிட்டு ஒன்று. அந்தப் பையன் அசாமாம். வரும் வழியெல்லாம் நைனா அவனைப் பற்றியேதான் பேசினார்.

தறி அண்ணா சொன்ன கூலி விஷயத்தைச் சப்ளையரிடம் தனியாகக் கேட்கலாமா, அவருக்கு ஏதும் தொந்தரவு வருமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய சப்ளையர் அண்ணா, உங்கள் வண்டி அணைக்கட்டில் எந்தப் பக்கம்? நைனா வரவேண்டும் என்கிறார். இட்லி எத்தனை மணி வரை இருக்கும்?