மறு: எஸ்பிரஸோ டேம்பருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்தேன். வீட்டு எஸ்பிரஸோ இயந்திரத்துக்குத் தமிழில் கையேடு எழுதும் நண்பர், டேம்பருக்கு, அதாவது வடிகிண்ணத்தில் போட்ட காப்பித்தூளை வெந்நீர் விடும் முன் கெட்டிப்படுத்தும் கைப்பிடி வைத்த வட்டத் தட்டுக்கு, ஒரு சொல் கேட்டார். நாம் ஒரு பட்டியலையே கொடுத்திருக்கிறோம். அமுக்கி, அழுத்தி, இறுக்கி, திமிசு, குடை எல்லாம் வந்துவிட்டன. என் வாக்கு 'அமர்த்தி'க்கு. காரணத்தை அந்தக் கருவி செய்யும் வேலையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

> அமுக்குவதுதானே வேலை? அமுக்கி என்றால் குழந்தைக்கும் புரியும்.

புரியும். ஆனால் அந்தப் பெயரைப் படித்தவர் கை, பலத்தைக் காட்டத்தான் போகும். எஸ்பிரஸோவில் தூளை உண்மையில் அமுக்குவது இயந்திரம். 58 மி.மீ. விட்டமுள்ள தூள் பரப்பு ஏறத்தாழ 26 சதுர செ.மீ. அதன் மேல் 9 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் வெந்நீர் இறங்கும்போது விழும் விசை சுமார் 240 கிலோ எடைக்குச் சமம். நம் கை தருவதோ 10, 15 கிலோ. 30 பவுண்டு, அதாவது பதின்மூன்றரை கிலோ விசை வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. அதற்காகக் குளியலறை எடைப்பொறியை எடுத்து வந்து மேடைமேல் வைத்துப் பழகுகிறவர்களும் உண்டு. பழகட்டும், கெடுதல் இல்லை. ஆனால் தூள் ஒருமுறை கெட்டிப்பட்டுவிட்டால், அதற்கு மேல் நாம் போடும் பலம் கோப்பையில் பெரிதாகத் தெரியாது. இனி இறங்காது என்று கைக்குத் தெரிந்ததும் நிறுத்திக்கொள்ளலாம்.

பிறகு எதற்கு இந்தக் கருவி? தூளுக்கு இடையே உள்ள காற்றை வெளியேற்றி, மேல்பரப்பைச் சமமாக்க. பரப்பு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், தூள் மெலிந்த பக்கமாகத் தண்ணீர் வழி பறித்துக்கொண்டு ஓடிவிடும். ஓடிய இடத்தில் தூள் அளவுக்கு மேல் கரைந்து கசக்கும். மற்ற இடம் சரியாகக் கரையாமல் புளிக்கும். ஒரே கோப்பையில் கசப்பும் புளிப்பும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சாய்வைத்தான். இன்னொன்று, 18 கிராம் தூளுக்கு 36 கிராம் காப்பி 25 முதல் 30 விநாடியில் இறங்குவது பொதுவான கணக்கு. அது 12 விநாடியில் கொட்டிவிட்டால் புதிதாகத் தொடங்கியவர்கள் அடுத்த முறை இன்னும் பலமாக அமுக்குகிறார்கள். மாற்ற வேண்டியது அரவையை. இன்னும் நைசாக அரைக்க வேண்டும். 'அமுக்கி' என்ற பெயர் அந்தத் தவறான வைத்தியத்தைத்தான் ஊக்குவிக்கும்.

அதோடு, அமுக்கி என்பதைக் கம்பிரஸருக்கு ஏற்கெனவே எழுதுகிறார்கள். இலங்கைப் பாடநூல்களில் நாம் அழுத்தம் என்பது அமுக்கம். ஆக 'அழுத்தி' தமிழ்நாட்டு வாசகரைக் குழப்பும், 'அமுக்கி' இலங்கை வாசகரைக் குழப்பும். பக்கத்துக்குப் பக்கம் '9 பார் அழுத்தம்' என்று வரும் கையேட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

> இத்தாலியர்களே 'பிரஸ்ஸீனோ' என்கிறார்கள். சின்ன அழுத்தி என்றுதானே அதற்குப் பொருள்?

ஆமாம். ஆனால் அந்த ஊர்ப் பழைய காப்பிக் கடைகளில் அதை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். அரவைப்பொறியின் முன்புறம் ஒரு வட்டத் தட்டு அசையாமல் பொருத்தப்பட்டிருக்கும். போர்ட்டாஃபில்டரை, அதாவது வடிகிண்ணத்தைத் தாங்கும் கைப்பிடிப் பாகத்தை, அதன் அடியில் கொண்டுபோய் மேல்நோக்கி ஒரு தள்ளு, அவ்வளவுதான். அப்படிச் செய்த கைக்குப் பெயர் எதுவானாலும் கவலை இல்லை. நம் கையேட்டைப் படிப்பவர் பெட்டியைப் பிரித்தவுடன் படிக்கப்போகிறவர்.

> திமிசுக்கட்டை இருக்கப் புதுச்சொல் எதற்கு?

இந்தக் கேள்விக்கு எனக்கு உண்மையிலேயே பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் திமிசு அருமையான சொல். தரையையும் சாலையையும் கெட்டிப்படுத்தும் கருவி. ஆங்கிலத்திலும் மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தும் கருவிக்கு டேம்பர் என்றுதான் பெயர். பொருத்தம் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் திமிசு என்றால் தூக்கிப் போட்டு இடிப்பது. காப்பியில் இடிக்கவே கூடாது. ஒருமுறை அமுக்கிய பின் டேம்பரின் கைப்பிடியால் போர்ட்டாஃபில்டரின் விளிம்பில் டொக்கென்று தட்டுகிறார்களே, அதுகூட வேண்டாம்; ஓரத்தில் தூள் சுவரிலிருந்து விலகி, தண்ணீருக்கு அங்கேயே வழி கிடைத்துவிடும்.

குடை பற்றி. நம் பித்தளை ஃபில்டருக்குள் வைக்கும், காம்பு உள்ள ஓட்டைத் தட்டைப் பல வீடுகளில் குடை என்பார்கள். அதுவும் காப்பித்தூளை அமுக்குவதுதான். ஆனால் அது தூளின் மேலேயே தங்கி, ஊற்றும் வெந்நீர் ஒரே இடத்தில் குழி பறிக்காமல் பரப்பிவிடுகிறது. டேம்பர் வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடும். எஸ்பிரஸோவில் அந்தப் பரப்பும் வேலை இயந்திரத்தின் தலையில் உள்ள சல்லடைக்கு. குடையை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம்.

இப்போது 'அமர்த்தி'. கடைக்கால் நிரப்பிய மண்ணைப் பற்றி 'மண் இன்னும் அமரவில்லை' என்கிறோம். அந்த அமர்தல்தான் இங்கே நடப்பது. வினை கையேட்டில் இயல்பாக ஓடுகிறது: 'தூளைப் பரப்பி, நேராக அமர்த்தவும்', 'தூள் அமர்ந்ததும் சுழற்றாமல் எடுக்கவும்'. கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன: தட்டை அமர்த்தி, குவி அமர்த்தி, சுருள்வில் அமர்த்தி. 'அமுக்கவும்' என்று எழுதினால் 'மெதுவாக' என்று ஒவ்வொரு முறையும் சேர்க்க வேண்டும். இதில் அந்தத் தேவை இல்லை.

கெட்டிப்பட்ட தூளை ஆங்கிலத்தில் பக் என்பதற்குக் காப்பி வில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அதில் விவாதம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

கையேட்டின் தேர்வுப் பகுதிக்குச் சில குறிப்புகள். முதலில் விட்டம். காஜா கிளாசிக், ரான்சிலியோ சில்வியா போன்ற இயந்திரங்களுக்கு 58 மி.மீ., பிரெவில் பம்பினோ 54, டிலோங்கி டெடிகா 51. வாங்குவதற்கு முன் வடிகிண்ணத்தின் உள்விட்டத்தை ஒரு அளவுகோலால் அளந்துவிடுவது நல்லது. இயந்திரத்தோடு வரும் பிளாஸ்டிக் அமர்த்தி பெரும்பாலும் கிண்ணத்தைவிடச் சிறியது. ஓரத்தில் அமராத தூள் வளையமாக நிற்கும். 58க்கு 58.5 வாங்குகிறவர்கள் இருப்பது அதனால்தான், ஆனால் அது எல்லாக் கிண்ணத்திலும் நுழையாது. அடிப்பாகம் தட்டையாக இருப்பதே போதும். எடை, மரப்பிடியா எஃகுப் பிடியா என்பதெல்லாம் கைக்குப் பிடித்தபடி. சுருள்வில் வைத்தது குறிப்பிட்ட விசையில் 'கிளிக்' என்று சொல்லும். பலத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்ள உதவுமே தவிர, சாய்வைத் திருத்தாது. சாய்வுக்குக் கிண்ண விளிம்பில் தங்கும் அகலமான மேல்வளையம் உள்ள வகைதான் வழி. அது இல்லாவிட்டால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் அடித்தட்டின் ஓரத்தில் வைத்து, இரண்டும் விளிம்பை ஒரே அளவில் தொடுகிறதா என்று தடவிப் பார்த்தால் போதும். மணிக்கட்டை மடக்காமல், முழங்கையைக் கைப்பிடிக்கு நேர் மேலே வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. இரட்டை அடி உள்ள கிண்ணத்தோடு வரும் இயந்திரம் என்றால், அழுத்தம் அடியில் உள்ள ஒற்றைத் துளையால் உண்டாகிறது. அங்கே அமர்த்துவது லேசாக இருந்தாலே சரி. இதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே போட்டால், தேவையில்லாமல் விலை உயர்ந்த அமர்த்தி வாங்கும் செலவு பலருக்கு மிச்சம்.

அன்புடன்.

மறு: மறு: எஸ்பிரஸோ டேம்பருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா. எங்கட யாழ்ப்பாணப் பேச்சில் 'அமத்து' என்றாலே அமுக்குவதுதான். 'கதவை அமத்திச் சாத்து' என்று சொல்லுவம். ஆகவே அமர்த்தி எங்களுக்குப் புதிதாகவே இருக்காது. நீங்கள் தவிர்க்க நினைக்கும் பலம் எங்கட காதில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும், ஆனாலும் 'அமுக்கி'யை விட இது மேல். ஆள் அமர்த்துதல், வேலைக்கு அமர்த்துதல் என்பதோடு குழம்பும் என்று யாரும் சொல்ல முன்னர் நானே சொல்லிவிடுகிறேன்: தூளை யாரும் சம்பளத்துக்கு வைப்பதில்லை. என் ஆதரவும் இதற்கே.

மறு: மறு: மறு: எஸ்பிரஸோ டேம்பருக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

நன்றி, நண்பர்களே. முதல் முறை வரும் இடத்தில் 'டேம்பர் எனப்படும் அமர்த்தி' என்று எழுதி, அப்புறம் எல்லா இடத்திலும் அமர்த்தி என்றே போடுகிறேன். கடையில் கேட்டு வாங்கும்போது டேம்பர் என்றால்தான் கிடைக்கும் என்பதால் அந்தச் சொல்லையும் காட்ட வேண்டியிருக்கிறது. படத்தில் உறுப்புகளைக் குறிக்க இன்னும் ஒரு சொல் பாக்கி: போர்ட்டாஃபில்டர். 'பிடிவடி' என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். வடிகிண்ணத்தோடு சேர்த்துப் படித்தால் எனக்கு ஒத்துப்போகிறது, ஆனால் சாய வடிகட்டியின் பெயர் மாதிரி இருக்கிறது என்கிறார் வீட்டில். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் யாராவது இதைவிட நல்லதாக ஒன்று சொன்னால் மாற்றிவிடுகிறேன்.