வாப்பாவோட பழைய பிக்கப்: இருக்கிற எஞ்சினையே செய்யலாமா, வேற மாத்தலாமா?

தோப்புக்காரன் (பெரியபட்டினம்)

எல்லாருக்கும் சலாம், வணக்கம்.

வீட்டுல ஒரு 92 மாடல் மஹிந்திரா பிக்கப் நிக்குது. வாப்பா எடுத்தது. அவங்க காலத்துல தேங்காய் ஏத்தி ராம்நாட்டுக்கு ஓடுச்சு. அப்புறம் காக்கா (எங்க அண்ணன்) கைக்கு வந்து மீன் வண்டி ஆயிருச்சு. மண்டபத்துல ஐஸ் பெட்டி ஏத்தினா உச்சிப்புளி வர்றதுக்குள்ள கீழே தண்ணி ஒழுகிக்கிட்டே வரும். காக்கா சவூதி போனதுல இருந்து தோப்புல வேப்பமரத்தடியில கிடக்குது. எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) எப்பவோ முடிஞ்சிருச்சு.

நான் அதை எடுத்து ஓட்டலாம்னு இருக்கேன். அலங்காரத்துக்கு இல்லை, கீழக்கரை, ஏர்வாடி பக்கம் மீன் எடுக்கத்தான். உள்ளே இருக்கிறது பியூஜோ எக்ஸ்டிபி 4.90. புது பேட்டரி போட்டு அடிச்சா ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பிடிக்குது. பிடிச்சதும் வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தா குப்குப்னு காத்து வருது. கொஞ்ச தூரம் ஓட்டினா ஹீட் ஏறிடுது.

மாமா "அதைத் தூக்கிப் போட்டுட்டு பொலேரோ டர்போ எஞ்சினை வை"ங்கிறாரு. போட் வச்சிருக்கிற கூட்டாளி ஒருத்தன் கரையில கிடக்கிற லேலண்ட் எஞ்சினைத் தர்றேங்கிறான். சேசிஸ்லயும் துரு இருக்கு, கேபின் தரையில ரோடு தெரியுது. எதுல இருந்து ஆரம்பிக்கிறது? உம்மா "வித்துரு"ன்னு சொல்லல. அது ஒண்ணுதான் இப்போதைக்கு தெம்பு.

மதுரைவீதி

டர்போ போடுங்க ப்ரோ. இழுவை வேற லெவல்ல இருக்கும். பவர் ஸ்டீயரிங்கும் சேர்த்து போட்டுருங்க.

லேத்பட்டறை (உச்சிப்புளி)

தம்பி, எஞ்சினை மாத்துறதை அப்புறம் பேசுவோம். நீங்க சொன்னது மூணும் மூணு வேற வியாதி. ஒண்ணா சேர்த்துப் பார்த்தா எஞ்சின் செத்துப்போன மாதிரிதான் தெரியும்.

முதல்ல வெள்ளைப் புகை. எக்ஸ்டிபி நேரடியா டீசல் அடிக்கிற எஞ்சின் கிடையாது. பக்கத்துல ஒரு சின்ன அறையில அடிச்சுப் பத்த வைக்கிற ரகம். ஹீட்டர் பிளக் வேலை செய்யாட்டி காலைல பிடிக்கிறதே பெரும்பாடு, எரியாத டீசல் வெள்ளைப் புகையாத்தான் வெளிய போகும். நாலு பிளக்கையும் கழட்டி ஒண்ணொண்ணா பேட்டரியில கொடுத்துப் பாருங்க, நுனி சிவக்கணும். சிவக்காததை மாத்திட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணிட்டு அப்புறம் புகையைப் பத்தி பேசுங்க.

அடுத்தது ஹீட். நம்ம பக்கத்து போர் தண்ணி எப்படின்னு உங்களுக்கே தெரியும், வாயில வைக்க முடியாது. அதைத்தானே இத்தனை வருஷமா ரேடியேட்டர்ல ஊத்தியிருப்பீங்க? பிளாக்கோட பக்கவாட்டுல வட்டமா தகரம் அடிச்ச மாதிரி கோர் பிளக் இருக்கும். அதுல ஒண்ணைக் கழட்டி டார்ச் அடிங்க. எங்க பட்டறைக்கு வர்ற பழைய டீசல் வண்டியில உள்ள சுண்ணாம்பு பாறையாட்டம் இறுகிக் கிடக்கும், தண்ணி போக வழியே இருக்காது. பம்பும் ஃபேனும் நல்லா இருந்தாலும் ஹீட் ஏறத்தான் செய்யும். இதைச் சுத்தம் பண்ணாம வேற எஞ்சின் வச்சு அதே தண்ணியை ஊத்தினீங்கன்னா அதுவும் இதே கதிதான். இனிமே காவிரித் தண்ணியும் ஊத்தாதீங்க. ஆர்ஓ தண்ணியும் கூலன்ட்டும் சரிபாதி.

மூணாவது, ஆயில் மூடியில வர்ற காத்து. அதுதான் நெசமான தேய்மானம். ஹீட்டர் பிளக் ஓட்டையில டீசல் எஞ்சினுக்கான கம்ப்ரஷன் கேஜ் வச்சு நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ள ஏறுற அழுத்தம்) பாருங்க. குறைவா காட்டுற சிலிண்டர்ல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்பப் பாருங்க. ஏறினா ரிங், ஏறாட்டி வால்வு இல்லாட்டி கேஸ்கெட்.

அதுக்கப்புறம் கிராங்கை (பிஸ்டன் ஓட்டத்தைச் சுத்தா மாத்துற தண்டு) அளக்கணும். ஏற்கெனவே பல தடவை கிரைண்டிங் பண்ணி இனி பேரிங் கிடைக்காத அளவுக்குப் போயிருந்தா அப்ப எஞ்சின் மாத்துறது நியாயம். அப்படி மாத்துறதா இருந்தா என் ஓட்டு மஹிந்திராவோட எம்டிஐ 2,523 சிசி எஞ்சினுக்குத்தான். டர்போ இல்லாதது. காரணம் ஒண்ணுதான்: அது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் எஞ்சின் வம்சம். போர் (சிலிண்டர் விட்டம்) 88.9, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடுற தூரம்) 101.6 மில்லிமீட்டர், அதாவது மூணரை அங்குலம், நாலு அங்குலம். முதுகுளத்தூர் பக்கம் டிராக்டர் பிரிச்சுக் கோக்கிற எந்த மெக்கானிக்கும் அதைப் பார்த்து முழிக்க மாட்டான். மீனை ஏத்திக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வழியில நின்னா கம்ப்யூட்டர் கேட்கிற எஞ்சினை வச்சு நீங்க என்ன பண்ணுவீங்க?

ஒரு விஷயம் மட்டும் கவனிக்கணும். உங்க பியூஜோ 90-க்கு 83, ஸ்ட்ரோக் குட்டை, அதனால வேகமா சுத்தும். எம்டிஐ மெதுவா சுத்தி இழுக்கிற ஜாதி. பின் ஆக்ஸில் பல் கணக்கைப் பாருங்க. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில தூக்குங்க, மத்த சக்கரத்துக்கு கட்டை கொடுத்துட்டு நியூட்ரல்ல வைங்க. தூக்கின சக்கரத்தை முழுசா ரெண்டு சுத்து சுத்தினா புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்ஸிலுக்குப் போற தண்டு) எத்தனை சுத்துதோ அதுதான் உங்க ரேஷியோ. அஞ்சேகால் தாண்டி அஞ்சரைக்குக் கிட்ட நின்னா 5.38, அஞ்சைத் தொடாம நின்னா 4.88. 7.00-16 டயர் ஒரு சுத்துக்கு சுமாரா 2.4 மீட்டர் போகும். எஞ்சினை 3,200 சுத்துக்கு மேல விரட்டாம ஓட்டினா டாப் கியர்ல 5.38-க்கு மணிக்கு 85 கிலோமீட்டர், 4.88-க்கு 94. மீன் வண்டிக்கு 85 தாராளம். அதுக்கு மேல பறந்தா உங்க பழைய டிரம் பிரேக் என்ன ஆகும்னு யோசிங்க. மாமா சொல்ற டர்போவுக்கும் இதேதான் பதில்.

எஞ்சினை மட்டும் தனியா வாங்காதீங்க. பெல் ஹவுசிங் (கிளட்சை மூடுற கூடு), கிளட்ச், கியர் பாக்ஸ் எல்லாம் ஒரே வண்டியில இருந்து சேர்த்து எடுங்க. அப்பவும் மவுண்டிங் புதுசா அடிக்கணும், ஷாஃப்ட் நீளம் மாறும், மாத்தினா பேலன்ஸ் பண்ணணும். சம்ப் (எஞ்சின் அடியில இருக்கிற ஆயில் தொட்டி) கிராஸ் மெம்பர்ல (சேசிஸோட குறுக்குச் சட்டம்) இடிக்குதான்னு எஞ்சினைத் தொங்கவிட்டுப் பார்த்துட்டுத்தான் வெல்டிங் ராடைத் தொடணும்.

லேலண்ட் போட் எஞ்சினை கூட்டாளிகிட்டயே இருக்கச் சொல்லுங்க. அந்த எடைக்கு உங்க முன் கமான் பட்டை தரையைப் பார்த்துரும்.

ஆர்சிபுக் (பரமக்குடி)

காகிதத்தை யாரும் சொல்லலையே. எஞ்சின் மாத்தணும்னா மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி ஆர்டிஓ அனுமதி முதல்லயே வாங்கணும். வச்சிட்டு அப்புறம் போய் நின்னா வேலை இழுக்கும். காயலான் கடையில எடுக்கிற எஞ்சினுக்கு நம்பர் போட்ட பில் வேணும். அந்த வண்டியோட ஆர்சி முறையா ரத்தாகியிருக்கான்னு பாருங்க. உடைச்ச வண்டியை 14 நாளுக்குள்ள தெரிவிச்சு ஆர்சியை ஒப்படைக்கணும்னு 55-ஆவது பிரிவு சொல்லுது. பில் இல்லாம மலிவா கிடைக்கிற எஞ்சின் திருட்டு வண்டியோடதா இருந்தா நீங்கதான் ஸ்டேஷன்ல உட்காரணும்.

அனுமதி இல்லாம மாத்தினா 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாசம் வரைக்கும் சிறையோ, ரெண்டுமோ. ஆர்சியில ஒரு நம்பர், எஞ்சின்ல ஒரு நம்பர்னா இன்சூரன்ஸ்காரனும் கையை விரிச்சுருவான். சரக்கு வண்டி எட்டு வருஷம் தாண்டினா வருஷாவருஷம் எஃப்சி. அதனால பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட ஒளிச்சு ஓட்டலாம்கிற நினைப்பே வேணாம். எஞ்சினுக்கு அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ராம்நாடு ஆபீஸுக்கு நேர்ல போய் என்னென்ன கேட்கிறாங்கன்னு எழுதிக்கிட்டு வாங்க.

தோப்புக்காரன்

ஜஸாக்கல்லாஹ் காக்கா, நன்றி அண்ணே. ஹீட்டர் பிளக்குல ரெண்டு சிவக்கவே இல்லை. கோர் பிளக்கைக் கழட்டினோம். ஸ்க்ரூ டிரைவரை வச்சுக் குத்தினா கட்டி கட்டியா விழுது, நீங்க சொன்ன பாறை அப்படியே இருக்கு. கம்ப்ரஷன் கேஜ் ராம்நாட்டுல ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன். ஆர்சியையும் பில்லையும் பத்திப் படிச்சதும் மாமா டர்போ பேச்சையே விட்டுட்டாரு.

சேசிஸை எப்படிப் பார்க்கிறது? பட்டறையில பட்டி வச்சு பெயின்ட் அடிச்சா போதும்ங்கிறாங்க.

லேத்பட்டறை (உச்சிப்புளி)

எஞ்சினை விட இதுதான் முக்கியம் தம்பி, நான் மேலயே எழுதியிருக்கணும். பட்டி, ஃபைபர் எதையும் சேசிஸ் கிட்ட கொண்டு வராதீங்க. உள்ள ஈரத்தைப் பூட்டி வச்சு தின்ன விடுற வேலை அது. பாடியை இறக்கிட்டு சின்னச் சுத்தியலால சாண் சாணா தட்டிக்கிட்டே போங்க. கிண்ணுன்னு கேட்டா இரும்பு இருக்கு. சத்துன்னு கேட்டா அங்க சாக்பீஸால கோடு போடுங்க. பின் கமான் பட்டை மாட்டுற இடம், கேபினுக்குப் பின்னால வர்ற கிராஸ் மெம்பர், ஐஸ் தண்ணி விழுந்த கோடு, இந்த இடத்துல எல்லாம் விடாம பாருங்க.

துண்டு வைக்கிறதா இருந்தா அழுகினதை வெட்டி எடுத்துட்டு வைக்கணும். மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும் குறுக்கே வெல்டிங் கோடு இழுக்காதீங்க, லோடு ஏறினா அங்கதான் விரிசல் விடும். பிளேட் முனையைச் சாய்வா வெட்டி வைக்கணும். வெல்டிங் முன்னாடி பேட்டரி கேபிளைக் கழட்டிருங்க. அப்புறம் நல்ல தண்ணியில உள்ளயும் வெளியயும் கழுவி நல்லா காயவிட்டு ரெட் ஆக்ஸைடு, மேல பெயின்ட். பெட்டி மாதிரி மூடின பாகத்துக்குள்ள கெட்டி ஆயில் விடுங்க. எங்க ஐயா காலத்துல வள்ளத்துக்குப் பூசுற மீன் எண்ணெயையே அடிப்பாங்க. துரு வராது, மனுஷனும் வரமாட்டான்.

மீன் வண்டியாத்தானே ஓடப்போகுது? பாடித் தரையில விளிம்பு மடிச்ச அலுமினியத் தகடு போட்டு, தண்ணியை ஒரு மூலைக்குச் சாய்ச்சு, அடியில குழாய் வச்ச டிரம்முக்குக் கொண்டு வாங்க. சேசிஸ் மேல ஒரு சொட்டு விழக்கூடாது. ரோட்டுலயும் விடாதீங்க, பின்னால வர்ற பைக்காரன் வழுக்கி விழுவான். டிரம்மை மார்க்கெட்ல காலி பண்ணிக்கலாம். தகடு வாங்கினதும் அளவை எனக்கு அனுப்புங்க, மடிச்சுத் தர்றேன்.