ஆயில் பிரேக் டிராக்டரில் 90 கியர் ஆயில் ஊற்றிவிட்டார்கள், இப்போது எதை மாற்றுவது?

வடுவூர்க்காரன்:
போன தை மாதம் செகண்ட்ஸில் ஒரு 50 ஹெச்.பி. டிராக்டர் எடுத்தேன். ஆயில் பிரேக் (பிரேக் பிளேட் ஆயிலில் முங்கியிருக்கும் ரகம்), ஹவர் மீட்டர் 3100 காட்டுகிறது. கையேடு இல்லை, விற்றவரிடம் கேட்டால் தொலைந்துவிட்டது என்கிறார். எடுத்த கையோடு டவுனில் ஒரு பட்டறையில் விட்டு பின்பக்க ஆயிலை மாற்றச் சொன்னேன், அவர்கள் 90 கியர் ஆயில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது பிரேக் மிதித்தால் பின்பக்கம் முழுவதும் அதிர்ந்து உறுமுகிறது, லோடு டிரெய்லரோடு ரோட்டில் வரும்போது பயமாகவே இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்து லிஃப்டைத் தூக்கினால் ரோட்டவேட்டர் மெதுவாக ஏறுகிறது, பம்ப் முனகும் சத்தமும் கேட்கிறது. சூடேறிய பிறகு கொஞ்சம் தேவலை.

ஷோரூமில் கேட்டால் எங்கள் கம்பெனி ஆயில்தான் ஊற்ற வேண்டும் என்கிறார்கள். 40 லிட்டருக்கு மேல் பிடிக்கும் என்பதால் தொகை பெரிதாக வருகிறது. ஆயில் கடையில் 20 லிட்டர் வாளி ஒன்றைக் காட்டி எல்லா டிராக்டருக்கும் இது போதும் என்கிறார். மச்சான் ஜேசிபி ஓட்டுகிறார், அவர் 68 ஹைட்ராலிக் ஆயில் ஊற்று என்கிறார். ஜூன் 12 மேட்டூர் திறந்தால் தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்குள் வண்டி தயாராக வேண்டும், குறுவைக்குச் சேறடிக்க ஏழெட்டுப் பேரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கொங்கு உழவன்:
90 ஊற்றினால் தப்பில்லை நண்பரே. என்னிடம் 1998 மாடல் வண்டி இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து 90தான், இதுவரை கியர்பாக்ஸைப் பிரித்ததே இல்லை. ஆயில் தடிமனாக இருந்தால்தான் பல்சக்கரத்துக்குப் பாதுகாப்பு. இந்த வண்டிகளுக்குக் கம்பெனிக்காரர்கள் சொல்லும் 10டபிள்யூ-30 என்று போட்ட ஆயிலைத் தொட்டுப் பாருங்கள், தண்ணீர் மாதிரி ஓடும், அதை நம்பி 50 ஹெச்.பி. வண்டியை எப்படி ஓட்டுவது? பிரேக் பிளேட் தேய்ந்திருக்கும், அதைப் பாருங்கள்.

பட்டறை அனுபவம்:
கொங்கு அண்ணன் சொல்வது அவர் வண்டிக்குச் சரி. அந்த வயது வண்டி என்றால் பெரும்பாலும் டிரை பிரேக்காக இருக்கும், பிளேட்டில் ஆயில் படவே கூடாது. அப்படிப் பல வண்டிகளுக்குக் கையேட்டிலேயே 90 என்றுதான் போட்டிருக்கும். வடுவூர்த் தம்பியின் வண்டி வேறு ரகம். கியர், டிஃபரன்ஷியல், லிஃப்ட் பம்ப், பிரேக் பிளேட் நான்கும் ஒரே ஆயிலில் முங்கிக் கிடக்கின்றன. கியருக்குப் பல்லோடு பல் உரசித் தேயாமல் காக்கும் ஆயில் வேண்டும், பம்புக்குச் சட்டென்று உறிஞ்ச வரும் ஆயில் வேண்டும், பிரேக்குக்கு வழுவழுப்பு அளவாக இருக்க வேண்டும். அந்த அளவு பொருந்தாவிட்டால் பிளேட் பிடிப்பதும் வழுக்குவதுமாக மாறி மாறித் துடிக்கும், நீங்கள் கேட்கும் உறுமல் அதுதான். இந்த எல்லா வேலைக்கும் சேர்த்துத் தயாரிக்கிற ஆயிலுக்கு யுடிடிஓ என்று பெயர், டின்னிலேயே போட்டிருக்கும். சாதாரண 90 கியர் ஆயிலில் பிரேக்குக்கு வேண்டிய சேர்மானம் கிடையாது. அதிலும் டின்னில் ஜிஎல்-5 என்று போட்ட ரகமாக இருந்தால் அதில் உள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் பித்தளை, வெண்கல புஷ்களை அரிக்கவும் செய்யும்.

தண்ணீர் மாதிரி ஓடுகிறது என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். கியர் ஆயில் எண்ணுக்கு ஒரு அளவுகோல், எஞ்சின் ஆயில் எண்ணுக்கு வேறு அளவுகோல். 90 கியர் ஆயில் சூடான நிலையில் எஞ்சின் ஆயில் 40, 50க்குப் பக்கத்தில்தான் வரும். அதனால் 30 என்று பார்த்ததும் 90இல் மூன்றில் ஒரு பங்கு தடிமன் என்று நினைக்க வேண்டாம். அந்த 10டபிள்யூ-30 ஆயிலை மனதில் வைத்துத்தான் இந்த கியர்பாக்ஸையே வடிவமைத்திருக்கிறார்கள்.

68 ஹைட்ராலிக் ஆயிலில் ஒரு ஆபத்து உண்டு. தடிமன் யுடிடிஓவுக்குப் பக்கத்தில் இருப்பதால் ஊற்றிய அன்றைக்கே லிஃப்ட் ஜம்மென்று தூக்கும், நாமும் சரியாகிவிட்டது என்று நம்பிவிடுவோம். கியருக்கும் பிரேக்குக்கும் வேண்டியது அதில் இல்லை, அது தெரிய வரும்போது செலவு பெரிதாகியிருக்கும். ஜேசிபியில் ஹைட்ராலிக் டேங்க் தனி, அதனால் மச்சானுக்கு அங்கே பிரச்சினை வராது.

கம்பெனி டின்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வண்டியின் மாடலுக்குரிய கையேடு கம்பெனி இணையதளத்தில் கிடைக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஷோரூமில் உதிரிபாகப் பிரிவில் கேட்டு ஆயில் எண்ணை மட்டும் எழுதி வாங்குங்கள். ஜான் டியர் ஜே20சி, மாசி எம்1145, ஃபோர்டு நியூ ஹாலந்து எம்2சி134டி என்று ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருக்கும். அதே எண் டின்னின் பின்பக்கம் அச்சாகியிருந்தால் வேறு நல்ல கம்பெனி ஆயிலும் சரிதான். எண்ணே இல்லாமல் எல்லா டிராக்டருக்கும் என்று மட்டும் போட்ட வாளியை வாங்காதீர்கள். 303 என்று ஒரு பழைய எண் உண்டு, அந்த ஆயிலில் ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெய் கலந்திருந்தது, 1970களில் அமெரிக்காவில் அதற்குத் தடை வந்து அந்த ரகமே வழக்கொழிந்தது. அதற்குப் பிறகும் அந்த எண்ணைப் போட்டு மலிவு வாளிகள் விற்று அங்கே நீதிமன்றம் வரை போனது.

இன்னொன்று. மார்கழியில் பம்ப் முனகினால் தடிமன் ஆயில் என்று விட்டுவிடலாம். இந்த வெயிலிலும் முனகுகிறது என்றால் உறிஞ்சும் பக்கத்து ஸ்டிரெய்னர் (சல்லடை) அடைத்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன். ஆயிலை வடிக்கும்போது அதையும் கழற்றிக் கழுவுங்கள், ஃபில்டரைப் புதிதாகப் போடுங்கள்.

சேற்று வண்டி:
திருத்துறைப்பூண்டி பக்கம் கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புச் சக்கரம்) போட்டு ஓட்டுகிறவன் நான். எந்த ஆயில் என்று பார்ப்பதற்கு முன் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். சேற்றில் ஆக்ஸில் சீல் வழியாக, கியர் லீவர் ரப்பர் கிழிந்திருந்தால் அது வழியாக, எப்படியாவது தண்ணீர் இறங்கிவிடும். டிப் ஸ்டிக்கை எடுத்தால் பால் கலந்த டீ மாதிரி இருக்கும். சந்தேகமாக இருந்தால் சமையலுக்கு வேண்டாத பழைய தோசைக்கல்லைச் சூடாக்கித் தள்ளி நின்று ஒரே ஒரு சொட்டு விடுங்கள், படபடவென்று வெடித்தால் தண்ணீர்தான். சீலை மாற்றாமல் எவ்வளவு விலை உயர்ந்த ஆயிலை ஊற்றினாலும் ஒரே போகத்தில் வீண்.

அப்புறம் டிப்பர் டிரெய்லர். இரவல் வாங்கி மாட்டினால் அதைத் தூக்கும் ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் நிற்கும் பழைய ஆயில் உங்கள் வண்டிக்குள் வந்துவிடும். அந்த வண்டியில் அவர் என்ன ஊற்றியிருந்தார் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு ஒரு முறை அப்படித்தான் புது ஆயில் கெட்டது, அன்றிலிருந்து இரவல் டிப்பரைத் தொடுவதில்லை.

வடுவூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. கையேடு இணையத்தில் கிடைத்தது, யுடிடிஓ என்றுதான் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. அதே எண் போட்ட வெளி கம்பெனி ஆயில் கிடைத்தது, ஷோரூம் விலையைவிடக் குறைவு. வண்டியை ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக இருக்கும்போதே வடித்தோம், சேற்று வண்டி அண்ணன் சொன்ன மாதிரி டீ நிறம்தான். இடது ஆக்ஸில் சீல் போயிருந்தது, மாற்றியாயிற்று. ஸ்டிரெய்னரில் பசை மாதிரி அப்பியிருந்தது. இப்போது லிஃப்ட் ஸ்டார்ட் செய்த உடனே ஏறுகிறது, முனகல் இல்லை. பிரேக் உறுமல் பாதி குறைந்திருக்கிறது, முழுவதும் போகவில்லை. பிளேட் மாற்ற வேண்டுமா?

பட்டறை அனுபவம்:
அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம் தம்பி. எவ்வளவு வடித்தாலும் ஆக்ஸில் கூட்டுக்குள்ளும் பிளேட்டிலும் பழைய ஆயில் கொஞ்சம் தங்கும், ஓடி ஓடித்தான் புதிதோடு கலந்து கரையும். இரண்டு பிரேக் பெடலுக்கும் விளையாட்டு (பிரேக் பிடிப்பதற்கு முன் பெடல் சும்மா இறங்கும் தூரம்) ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள், ரோட்டில் இரண்டு பெடலையும் சேர்த்துப் பூட்டியே ஓட்டுங்கள். 50 மணி நேரம் ஓடிய பிறகும் உறுமினால் பிளேட் பிடிப்பு இல்லாமல் வழவழவென்று மெருகேறிப் போயிருக்கும், அப்போது பிரித்தே ஆக வேண்டும். அதே 50 மணி நேரத்தில் ஃபில்டரை இன்னொரு முறை மாற்றிவிடுங்கள், முதல் ஃபில்டர் பழைய அழுக்கைப் பிடித்தே நிறைந்திருக்கும். முதல் வயல் சேறடித்து முடித்த மறுநாள் காலை, சமதளத்தில் நிறுத்தி லிஃப்டை இறக்கிவிட்டு டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள், நிறம் எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள்.