புதுப்பிப்பு: அந்தப் பழைய பாய்மரப் படகின் வயது

விற்பவர் 1986 என்கிறார், பழைய ரசீதில் 1985 என்று இருக்கிறது, யாரை நம்புவது என்று கேட்டிருந்தேனே, இரண்டுமே சரிதான். பின்பலகையின் வலப்பக்க மேல் மூலையில், பெயிண்டுக்கு அடியில் மங்கலாக, அமெரிக்க முறைப்படி 12 எழுத்தில் அடையாள எண் இருக்கிறது. கடைசி நான்கு ‘எச்586’. எச் என்றால் ஆகஸ்ட், 5 என்பது கட்டிய 1985, 86 மாடல் ஆண்டு.

உரிமையாளர் கதைதான் இன்னும் இடிக்கிறது. முதல் உரிமையாளர் இரண்டாமவருக்கு விற்ற ரசீது இருக்கிறது. அந்த இரண்டாமவரிடமிருந்து இப்போது விற்பவர் வாங்கியதற்கு வாய்ச்சொல் மட்டும். பழைய கடன் பாக்கி ஏதும் இருந்தால் வாங்குகிறவன் தலையில் விடியலாம். கையெழுத்திட்ட விற்பனைப் பத்திரம் வரும்வரை முன்பணம் கிடையாது என்றேன். மனிதர் முறைத்தார், அப்புறம் தேடிப் பார்க்கிறேன் என்றார். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை எப்போது மாற்றினார்கள் என்பதையும் அந்த இரண்டாமவரிடம்தான் கேட்க வேண்டும்.