கார்பனேட் சமநிலை, ஆல்கலினிட்டி: எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல, ஹெல்ப் பண்ணுங்க

செங்காங்_பொண்ணு:
வணக்கம். பாலிடெக்னிக்ல டிப்ளமா முடிச்சிட்டு இப்ப யூனில ரெண்டாவது வருஷம், என்விரான்மென்டல் எஞ்சினியரிங். வாட்டர் கெமிஸ்ட்ரி லெக்சர்ல உக்காந்து கேக்கும்போது எல்லாம் புரியுது, டுட்டோரியல் ஷீட்ட கையில எடுத்தா தெரியாத அளவு அஞ்சு நிக்குது, எதுல கைய வைக்கறதுன்னு தெரியல. இன்னொண்ணு, தண்ணில கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சா பிஎச் இறங்குது, ஆனா ஆல்கலினிட்டி (ஆசிட்ட தாங்கற தண்ணியோட திறன்) மாறாதுங்கறாங்க. ஆசிட் ஊத்தினா மட்டும் குறையுதே, ரெண்டும் அமிலம்தானே? ரெண்டு வாரத்துல டெஸ்ட், ராத்திரி தூக்கமே வரல.

மழைக்காலம்:
தங்கச்சி, பயப்படாதீங்க, நானும் இதே எடத்துல ஒரு செமஸ்டர் நின்னவன்தான். ஃபார்முலாவ மூடி வச்சிட்டு மொதல்ல சார்ஜ் கணக்க எழுதுங்க, பாசிட்டிவ் ஒரு பக்கம் நெகட்டிவ் ஒரு பக்கம். சுத்தமான மழைத்தண்ணிய எடுத்துக்கோங்க. ஹைட்ரஜன் அயன் = பைகார்பனேட் + 2 கார்பனேட் + ஹைட்ராக்சைடு, அவ்வளவுதான். காத்துல கார்பன் டை ஆக்சைடு மில்லியனுக்கு 420 பங்குன்னு வச்சா ஹென்றி விதிப்படி லிட்டருக்கு சுமார் 0.000014 மோல் கரையும். தண்ணி அமிலமாத்தான் இருக்கும்னு தெரியுமில்ல, அதனால கார்பனேட்டையும் ஹைட்ராக்சைடையும் தைரியமா விட்டுடுங்க, மொதல் பிகேஏ, அதாவது கரைஞ்ச கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும் சமமா நிக்கற பிஎச், 6.35ஐப் போட்டா பிஎச் 5.6 வரும். இனிமேதான் முக்கியமான வேலை, விட்டத திரும்பிப் பாக்கணும்: 5.6ல ஹைட்ராக்சைடு பைகார்பனேட்ட விட அறுநூறு மடங்குக்கு மேல சின்னது, சோ விட்டது சரி. இந்த செக்க யாரும் பண்றதில்ல, மார்க் போறது அங்கதான்.

ஆல்கலினிட்டி விஷயம். அது பைகார்பனேட் + 2 கார்பனேட் + ஹைட்ராக்சைடு, அதுலேர்ந்து ஹைட்ரஜன் அயன கழிக்கணும். கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு பிரிஞ்சா ஒரு ஹைட்ரஜன் அயன், கூடவே ஒரு பைகார்பனேட், ரெண்டும் ஜோடியா வருது, கழிச்சா சைபர். ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல ஹைட்ரஜன் அயனோட வர்றது குளோரைடு, அது இந்தக் கணக்குலயே இல்ல. அதான் குறையுது.

குழாய்_தண்ணி:
நான் ஆர்ஓ (அழுத்தம் குடுத்து மெம்பிரேன் வழியா தண்ணிய வடிகட்டறது) பிளான்ட்ல வேலை பாக்கறேன், சிங்கப்பூரோட நியூவாட்டர் மாதிரி கழிவுநீர சுத்திகரிக்கறதானாலும் கடல்தண்ணி ஆனாலும் மெம்பிரேன் தாண்டி வர்ற தண்ணி அமிலப் பக்கம் சாயும், ஏன்னு கேட்டா இதே சமநிலைதான்மா. மெம்பிரேன் பைகார்பனேட்ட நிறுத்திடும், கார்பன் டை ஆக்சைடுக்கு சார்ஜ் இல்ல, அது பாட்டுக்கு போயிடும். உள்ள போற தண்ணி பிஎச் 7ன்னா கார்பன் டை ஆக்சைட விட பைகார்பனேட் நாலரை மடங்கு, அதுல இருபதுல ஒரு பங்கு மட்டும் தாண்டுதுன்னா விகிதம் 0.22 ஆயிடும், பிஎச் 5.7. நீங்களே போட்டுப் பாருங்க. அப்படியே குழாய்ல விட்டா அரிக்கும், அதனாலதான் குடிதண்ணிக்கு சுண்ணாம்பு, சோடா மாதிரி ஏதாவது சேத்து ஏத்தறாங்க. இன்னொரு விஷயம், புத்தகத்துல இருக்கற மாறிலி எல்லாம் 25 டிகிரிக்கு. நம்ம ஊரு தண்ணி 30 டிகிரில நிக்குது, அங்க நடுநிலை பிஎச் 7 இல்ல, சுமார் 6.9.

மழைக்காலம்:
அண்ணன் சொன்ன 30 டிகிரி விஷயம் டெஸ்ட்லயும் கேப்பாங்க, நோட் பண்ணிக்கோங்க. சாஃப்ட்வேர் ஓட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ கிராஃப் பேப்பர்ல பென்சில்ல லாக் படம் போடுங்க, பிஎச் கீழ, ஒவ்வொண்ணோட செறிவோட லாக் மேல.

செங்காங்_பொண்ணு:
அண்ணா ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி ஒக்காந்து போட்டேன், 6.35ல கார்பன் டை ஆக்சைடு கோடும் பைகார்பனேட் கோடும் வெட்டிக்குது, 10.33ல பைகார்பனேட்டும் கார்பனேட்டும் வெட்டிக்குது, நடுவுல பைகார்பனேட் மட்டும் மேல தட்டையா ஓடுது, ரிசர்வாயர் தண்ணில ஆல்கலினிட்டிய ஏன் பைகார்பனேட்னே வச்சுக்கறாங்கன்னு அப்பதான் உறைச்சுது. ஆர்ஓ கணக்கும் 5.7 வந்துடுச்சு. அடுத்து கால்சியம் கார்பனேட் படிவு, அதுல மாட்டினா இங்கயே வரேன்.