கூரை சோலார்: எடுக்குற யூனிட்டும் தள்ளுற யூனிட்டும் ஒரே விலையா?

கூரைமேல்_சூரியன்
எங்க கரண்ட் கம்பெனிகிட்டருந்து லெட்டர் வந்திருக்கு. நெட் மீட்டரிங்க நிறுத்திட்டு நெட் பில்லிங்குக்கு மாறப் போறாங்களாம். இதுவரைக்கும் கணக்கு சிம்பிள், மதியம் நான் கிரிட்டுக்கு, அதான் கம்பெனியோட மின்கம்பி வலைக்கு, ஒரு யூனிட் தள்ளுனா ராத்திரி நான் எடுக்குற ஒரு யூனிட் கழிஞ்சிடும். இனிமே ரெண்டும் தனித்தனி, எடுக்குறதுக்கு முழு ரேட், தள்ளுறதுக்கு அதுல கால்வாசிகூட தேறாது. நான் தள்ளுற கரண்ட் எங்கயோ தூரத்துக்கா போகுது? ரெண்டு வீடு தள்ளி ஏசி ஓடுதுல்ல, அங்கதான் போகுது, அவர் மீட்டர்ல அது முழு ரேட்டுக்கு ஏறுது. என்கிட்ட கால் விலைக்கு வாங்கி பக்கத்து வீட்டுக்கு முழு விலைக்கு வித்தா நடுவுல இருக்குற முக்கால் யாருக்கு? பேனல் என் காசு, இன்வர்ட்டர் என் காசு, மேல ஏறி தூசி தொடைக்குறதும் நான்தான்.

கணக்குப்புள்ள
> நடுவுல இருக்குற முக்கால் யாருக்கு?

கம்பிக்கு சார். டிரான்ஸ்ஃபார்மருக்கு, மழையடிச்சா நடுராத்திரி கம்பம் ஏறுறவருக்கு, சூரியன் இறங்குன உடனே ஓடத் தயாரா நிக்குற பவர் ஸ்டேஷனுக்கு. நீங்க ஒரு யூனிட்டுக்கு குடுக்குற ரேட்ல கரண்ட்டோட விலை ஒரு பங்குதான், மீதி அது உங்க வீடு வரைக்கும் வந்து சேர்ற செலவு, அதையும் யூனிட் மேலயே ஏத்தி வசூலிக்கிறாங்க. நெட் மீட்டரிங்ல உங்க பில் ஜீரோ ஆச்சுன்னா கரண்ட்டுக்கு மட்டும் ஜீரோ ஆகல, கம்பிக்கும் சேர்த்து ஜீரோ. ஆனா கம்பிய விட்டுட்டீங்களா? பகல்ல வெளிய தள்ளவும் வேணும் ராத்திரி உள்ள இழுக்கவும் வேணும், கிரிட்ட ஓசி பேட்டரியா வச்சிருக்கீங்க.

வாடகைவீடு
இதத்தான் நானும் சொல்ல வந்தேன். எனக்குக் கூரையே சொந்தமில்ல, பேனல் போடணும்னா வீட்டுக்காரர் மனசு வைக்கணும், அவர் எதுக்கு வைப்பாரு, பில் கட்டுறது நான்தானே. சொந்த வீடு, கையில காசு, நிழல் விழாத மொட்டை மாடி, இது மூணும் இருக்குறவங்க பில்லக் கொறைச்சுக்கிட்டே போனா அந்த கம்பிச் செலவு என் தலையிலதான் விழும்.

கூரைமேல்_சூரியன்
அப்ப வீடு பூரா எல்இடி பல்பு மாத்துனவரு? வீட்டப் பூட்டிட்டு மாசக்கணக்கா வெளியூர் போறவரு? அவங்க பில்லும் கொறையுது, அவங்களும்தான் கம்பிக்கு கம்மியா கட்டுறாங்க, அவங்கள யாரும் அடுத்தவன் காச தின்னுட்டான்னு சொல்றதில்லையே. நான் மட்டும் எப்படி குத்தவாளி ஆனேன்? இன்னொன்னு, தூரத்து ஸ்டேஷன்லருந்து வர்ற கரண்ட்ல வழியிலயே ஒரு பங்கு லாஸ் ஆகுது. நான் குடுக்குறது தெருவுக்குள்ளயே தீந்துடுது, அந்த மிச்சம் எந்த பில்லுலயாவது என் பேர்ல வரவு வச்சிருக்காங்களா?

கணக்குப்புள்ள
எல்இடி மாத்துனவரு சாயங்காலம் ஏழு மணிக்கு எடுக்குறதக் கொறைச்சாரு சார். நெட்வொர்க்க எவ்ளோ பெருசா கட்டணும்னு முடிவு பண்றது அந்த ஏழு மணிதான். உங்க பேனல் அந்த நேரத்துல தூங்கிடும், நீங்களும் மத்தவங்க மாதிரியே வந்து கியூல நிப்பீங்க. லாஸ் மிச்சம் சரி, அதுக்கு உண்டானத குடுக்கட்டும், நான் வேணாம்னு சொல்லல. அதுக்காக முழு ரேட்டுன்னா அது விலை இல்ல, மானியம். மானியம்னு பேர் வச்சே குடுங்க, பட்ஜெட்லருந்து குடுங்க, அடுத்தவன் பில்லுலருந்து எடுக்காதீங்க.

பழைய_வயர்மேன்
ரெண்டு பேரும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் வந்து பாத்ததில்லன்னு தெரியுது. ஒரு டிரான்ஸ்ஃபார்மர்ல நாலஞ்சு வீடு சோலார் போட்டா அது எல்லாருக்கும் நல்லது, பகல்ல அதோட லோடு கொறையும், லைன் கடைசில இருக்குற வீட்டுக்கு வோல்டேஜும் சரியா கிடைக்கும். அதே லைன்ல முக்கால்வாசி வீடு போட்டுட்டா கதை மாறிடும், மதியம் எடுக்க ஆள் இல்லாம எல்லாரும் தள்ளுவாங்க, வோல்டேஜ் ஏறும், ஒரு அளவு தாண்டுனா இன்வர்ட்டர் தானா கட் ஆகிடும். நல்ல வெயில் நேரத்துல டிஸ்ப்ளேல கிரிட் ஓவர் வோல்டேஜ்னு சிவப்பு எழுத்து ஓடும், அதுவும் லைன் கடைசில இருக்குறவருக்குத்தான் மொதல்ல, டிரான்ஸ்ஃபார்மர் கிட்ட இருக்குறவரு ஜாலியா தள்ளிக்கிட்டு இருப்பாரு. அதனால முதல் பத்து வீட்டோட யூனிட்டுக்கும் நூறாவது வீட்டோட யூனிட்டுக்கும் மதிப்பு ஒண்ணு கிடையாது. சேத்து சொல்லிடுறேன், கிரிட் போச்சுன்னா கிரிட்டோட சேந்தே ஓடுற சாதா ஆன் கிரிட் இன்வர்ட்டரும் நின்னுடும், லைன்ல வேலை பாக்குறவன் சாகக்கூடாதுல்ல. சோலார் இருக்கு எனக்கு கம்பெனி தேவையில்லன்னு பேசுறவங்க இத மறந்துடுறாங்க.

டேட்டா_தம்பி
வயர்மேன் அண்ணன் சொன்னதுதான் எல்லா ஊர்லயும் நடந்துச்சு, சோலார் கம்மியா இருக்கும்போது தாராளம், பெருகுன உடனே கையக் கட்டிக்குறாங்க. அமெரிக்காவுல ஹவாய் மாநிலத்துல 2015 அக்டோபர்லயே புதுசா வர்றவங்களுக்கு நெட் மீட்டரிங்க மூடிட்டாங்க. அதே அமெரிக்காவுல கலிஃபோர்னியா 2022 டிசம்பர்ல முடிவெடுத்து 2023 ஏப்ரல் 15லருந்து விண்ணப்பிக்கிறவங்களுக்கு நெட் பில்லிங்க்னு மாத்துனாங்க, தள்ளுற யூனிட்டோட மதிப்பு சராசரியா ஏறக்குறைய 75 சதவீதம் விழுந்துச்சு. ஆனா அது ஒரே ரேட் இல்ல, மணிக்கு மணி மாறும், மதியம் ஒண்ணுமே தேறாது, செப்டம்பர் மாச சாயங்காலம் சில மணி நேரம் வாங்குற ரேட்டையே தாண்டிப் போகும். அதுக்கப்புறம் அங்க புதுசா போடுறவங்கள்ல பாதிக்கு மேல பேட்டரியோட போடுறாங்க. இன்னொரு முக்கியமான விஷயம், ஏற்கெனவே போட்டவங்களுக்கு கனெக்‌ஷன் குடுத்த நாள்லருந்து 20 வருஷம் பழைய கணக்குதான்.

இன்னொரு அமெரிக்க மாநிலம் நெவாடால 2015 டிசம்பர்ல பழைய ஆளுங்களையும் சேர்த்து மாத்துனாங்க, எவ்ளோ யூனிட் ஆனாலும் மாசா மாசம் கட்டுற ஃபிக்ஸட் சார்ஜ ஏத்தி, தள்ளுறதுக்கு விலையக் கொறைச்சு. ஜனங்க கொதிச்சு எழுந்தாங்க, பெரிய சோலார் கம்பெனிங்க கடையக் கட்டிட்டு கெளம்பிட்டாங்க, 2016ல பழையவங்களுக்கு பழைய கணக்க திருப்பிக் குடுக்க வேண்டி வந்துச்சு. 2017ல தனிச் சட்டமே போட்டு புதுசா வர்றவங்களுக்கும் முழு ரேட்ல 95 சதவீதத்துல ஆரம்பிச்சு, சோலார் பெருகப் பெருக படிப்படியா 75க்கு இறங்குற மாதிரி வச்சாங்க. எனக்கு இந்த படி முறைதான் புடிச்சிருக்கு, எப்ப எவ்ளோ கொறையும்னு முன்னாடியே தெரியுது.

கூரைமேல்_சூரியன்
பாத்தீங்களா, 20 வருஷம் குடுத்திருக்காங்க. நான் லோன் போட்டு வச்சது அவங்க அப்ப சொன்ன கணக்க நம்பித்தான். பாதி வழியில ரூல மாத்துறதுக்கு பேரு என்ன?

கணக்குப்புள்ள
ஊருக்கு ஊர் வேறங்க. நெதர்லாந்துல 2027 ஜனவரி 1லருந்து நெட் மீட்டரிங் முடியுது, பழசு புதுசுன்னு பாக்காம எல்லாருக்கும். அங்க மின்சாரம் விக்குற கம்பெனிங்க தள்ளுற யூனிட்டுக்கு கட்டணம் வாங்கவே ஆரம்பிச்சாச்சு. ஜெர்மனி 2000ல சட்டம் போட்டு 20 வருஷத்துக்கு உறுதியான ரேட் குடுத்த நாடு, அங்கயே 2025 பிப்ரவரி சட்டத்துக்கு அப்புறம் புதுசா ஸ்மார்ட் மீட்டரோட போடுறவங்களுக்கு சந்தை விலை மைனஸ்ல போற நேரத்துல பணம் கிடையாது. மைனஸ் விலைன்னா புரியுதா, எடுத்துக்கிட்டுப் போப்பா நானே காசு தரேன்ங்குற நேரம். அந்த நேரத்து யூனிட்டுக்கும் ராத்திரி யூனிட்டுக்கும் நேருக்கு நேர் கழிச்சா எப்படி?

டேட்டா_தம்பி
அண்ணே ஜெர்மனில பழையவங்க ரேட்ட தொடலையே, அதச் சொல்லாம விட்டுட்டீங்க. அப்புறம் ஸ்பெயின். 2015ல ஆணை போட்டாங்க, வீட்டுல தயாரிச்சு வீட்டுலயே யூஸ் பண்ற கரண்ட்டுக்கும் கட்டணம்னு, ஜனங்க அதுக்கு சூரிய வரின்னே பேர் வச்சுட்டாங்க, 2018 அக்டோபர்ல ரத்து. எல்லை தாண்டுனா அப்படித்தான் ஆகும்.

கணக்குப்புள்ள
அது அநியாயம்தான், கம்பியத் தொடாத கரண்ட்டுக்கு கம்பிக் காசு கேக்கக் கூடாது. ஆனா கம்பிக்குன்னு மாசா மாசம் எல்லா கனெக்‌ஷனுக்கும் சமமா ஃபிக்ஸட் சார்ஜ ஏத்திட்டு யூனிட் ரேட்டக் கொறைச்சுட்டா இந்த சண்டையே இல்ல.

வாடகைவீடு
நில்லுங்க நில்லுங்க. இவ்ளோ நேரம் நீங்க எனக்காக பேசுறீங்கன்னு நெனச்சேன். எங்க வீட்டுல ரெண்டு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், ஏசி கிடையாது. ஃபிக்ஸட் சார்ஜ் சமமா ஏத்துனா என் பில் ஏறும், ரெண்டு ஏசி ஓட்டுறவரு பில் இறங்கும். சோலார்காரர் என் தலையில கட்டுறார்னு சொல்லி நீங்க அதவிட பெருசா கட்டப் பாக்குறீங்க. கூரைமேல் சார் மேல எனக்கு கோவம் இருக்குதான், ஆனா அவராவது பகல்ல கொஞ்சம் கரண்ட் குடுக்குறாரு.

பழைய_வயர்மேன்
😂 கணக்குப்புள்ள இப்ப கணக்கு சொல்லுங்க.

கணக்குப்புள்ள
யாரு எவ்ளோ பெரிய லோடு இழுக்குறாங்களோ அதுக்கு தகுந்த மாதிரி ஃபிக்ஸட் சார்ஜ் வைக்கலாம், ரெண்டு ஃபேனுக்கும் ரெண்டு ஏசிக்கும் ஒரே தொகைன்னு யார் சொன்னா.

வாடகைவீடு
நீங்கதான் சொன்னீங்க, "எல்லா கனெக்‌ஷனுக்கும் சமமா"ன்னு. மேல ஏறிப் பாருங்க.

டேட்டா_தம்பி
சோலாருக்கு என்ன மதிப்புன்னு உக்காந்து கணக்குப் போட்டவங்களும் இருக்காங்க. அமெரிக்காவுல மின்னசோட்டா மாநிலத்துல 2014ல அதுக்கு ஒரு முறையே வகுத்தாங்க, எரிக்காம மிச்சமான எரிபொருள், லைன் லாஸ், கட்டாம தள்ளிப் போன ஸ்டேஷனும் லைனும், கொறைஞ்ச புகை, எல்லாத்தையும் தனித்தனியா கூட்டி ஒரு ரேட். கம்பெனி சொல்ற கால் ரேட்ட அப்படி பிரிச்சுக் காட்டச் சொல்லணும். கூரைமேல் அண்ணே, உங்க லெட்டர்ல அந்த ரேட் எப்படி வந்துச்சுன்னு போட்டிருக்கா? பழைய கனெக்‌ஷனுக்கு எத்தனை வருஷம்னு போட்டிருக்கா?

கூரைமேல்_சூரியன்
ரெண்டும் இல்ல தம்பி. ரேட் மட்டும் இருக்கு, ஆட்சேபணை இருந்தா எழுத்துல அனுப்புங்கன்னு ஒரு கடைசி தேதி இருக்கு. நீங்க கேட்ட ரெண்டையும் அப்படியே எழுதி அனுப்பப் போறேன். வாங்குன ரேட்லயே குடுன்னு நான் அடம் புடிக்கல, மதியத்துக்கு ஒண்ணு சாயங்காலத்துக்கு ஒண்ணுன்னு ரேட் வச்சா பேட்டரி போட்டு சாயங்காலம் தள்ளவும் ரெடி, ஆனா லோன் முடியுற வரைக்கும் பழைய கணக்கத் தொடக்கூடாது.

கணக்குப்புள்ள
லோன் முடியுற வரைக்கும்னு எழுதாதீங்க சார், ஆளாளுக்கு ஒரு லோன் இருக்கும், முதல் பக்கத்துலயே தூக்கிப் போட்டுடுவாங்க. கனெக்‌ஷன் தேதிலருந்து இத்தனை வருஷம்னு கேளுங்க. அப்பவும் 20 எல்லாம் ஜாஸ்தி, இத முடிவு பண்ற மீட்டிங்ல நான் இருந்தா 10க்கு மேல ஒத்துக்க மாட்டேன்.

கூரைமேல்_சூரியன்
நல்ல வேளை நீங்க அந்த மீட்டிங்ல இல்ல.