நண்பர்கள் குழுவில் வேடிக்கை ஹைக்கூ: மூன்றாவது வரி சப்பென்று போகிறது, உதவுங்கள்

வைகைக்கரை:
வணக்கம். கல்லூரித் தோழர்கள் வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி ஆனால் வேடிக்கை ஹைக்கூ எழுதுகிறோம். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் எழுதுவதெல்லாம் கடி ஜோக்கை மூன்றாக உடைத்துப் போட்ட மாதிரியே இருக்கிறது. நேற்று வந்தது ஒன்று:

குறட்டை மன்னன்
எங்கள் சேகர் தூங்கினால்
வீடே அதிரும்

ஒருத்தரும் சிரிக்கவில்லை. எங்கே இடிக்கிறது? அப்புறம், மூன்று வரிக்கும் 5-7-5 என்ற எண்ணிக்கை கட்டாயமா? மெய்யெழுத்தைச் சேர்த்து எண்ணுவதா கூடாதா என்று குழுவில் ஓயாத சண்டை.

மூன்றாம்வரி:
தம்பி, எண்ணிக்கைச் சண்டையை முதலில் முடித்துவிடுங்கள். ஜப்பானியர் நெடிலை இரண்டாக எண்ணுவார்கள், ‘தோக்கியோ’ அவர்களுக்கு நான்கு (தொ-ஒ-கியொ-ஒ). நம் மாத்திரைக் கணக்குக்குத்தான் அது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, எழுத்தெண்ணிக்கைக்கு இல்லை. தமிழில் எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் மூன்று வரியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்.

சேகர் கவிதைக்கு வருகிறேன். ‘மன்னன்’ என்ற இடத்திலேயே சிரிப்பு தீர்ந்துவிட்டது. கடைசி வரி வாசகனுக்கு முன்பே தெரிந்ததைச் சொல்கிறது. மிகைப்படுத்தாமல், அந்த அறையில் நிஜமாகவே என்ன நடக்கும் என்று பாருங்கள்:

குறட்டை நின்றது
பதறி எழுந்தோம்
மற்ற மூவரும்

சேகர் பெயர்கூட வேண்டியிருக்கவில்லை. கேலி அவர்மேல் மட்டும் விழாமல் எழுந்து உட்கார்ந்த மூன்று பேர்மேலும் விழுகிறது. நண்பர்களுக்குள் எழுதும்போது இது ரொம்ப முக்கியம்.

தேநீர்ப்பிரியை:
அண்ணன் சொல்வது சரி. நீங்கள் எழுதுவது ஜப்பானியரின் சென்ரியு வகை. மனுஷருடைய அசட்டுத்தனத்தைப் பாடுவது, ஹைக்கூவில் வரும் பருவத்தைக் குறிக்கும் சொல் இதற்குத் தேவையில்லை. ‘எதோ’ (இன்றைய தோக்கியோ) நகரில் இருந்த கராய் சென்ரியு (1718–1790) என்ற போட்டி நடுவரின் பெயர்தான் அந்த வகைக்கே நின்றுவிட்டது. அந்தப் போட்டிகளில் முதலில் இரண்டு வரி கொடுப்பார்கள், அதற்குப் பொருந்த மூன்று வரி எழுத வேண்டும். அதற்கும் முன்னால், 16ஆம் நூற்றாண்டில் யமாசாகி சோகான் தொகுத்த வேடிக்கைப் பாக்களிலேயே இந்த ஆட்டம் உண்டு. ‘வெட்டவும் தோன்றுகிறது, வெட்ட வேண்டாம் என்றும் தோன்றுகிறது’ என்று ஒருத்தர் புதிர் போடுகிறார். வந்த பதில்: திருடனைப் பிடித்துப் பார்த்தால் சொந்த மகன்!

உங்கள் குழுவிலும் ஒருத்தர் தொடங்க, இன்னொருத்தர் முடிக்கட்டும். தனியாக யோசித்தால் வராத திருப்பம் அடுத்தவர் கையில் தானாக வரும்.

வைகைக்கரை:
அக்கா, உடனே ஆடிப் பார்த்தோம்! நான் போட்டது:

முதல் நாள் நடைப்பயிற்சி
பூங்கா வாசலில்
சூடான பஜ்ஜி

அடுத்த நிமிஷமே சேகர்:

எண்ணெய் ஒற்றி எடுக்கிறது
டாக்டர் தந்த உணவுப் பட்டியல்

குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் அதற்குப் பிறகு எல்லோரும் வடை, போண்டா என்று அதையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். எப்படித் தொடர்வது?

மூன்றாம்வரி:
சேகர் பிரமாதம்! அந்தக் காகிதம் என்ன ஆச்சு என்று காட்டினாரே தவிர, பத்தியம் போச்சு என்று எங்கேயும் சொல்லவில்லை.

தொடர்வதற்கு, பலர் மாற்றி மாற்றி எழுதும் ஜப்பானியத் தொடர்பாவில் கறாரான விதி உண்டு. புதிதாக வரும் பா தனக்கு நேர் முந்தையதோடு மட்டும்தான் ஒட்ட வேண்டும், அதற்கும் முந்தையதை விட்டு விலகிவிட வேண்டும். அதனால் டாக்டரையோ பட்டியலையோ பிடித்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்கும் பஜ்ஜிக்கும் திரும்பாதீர்கள். நான் ஒன்று போடுகிறேன்:

மருந்துக் கடை
சீட்டைத் திருப்பித் திருப்பி
மூன்று பேர்

இனி டாக்டரை விட்டுவிட்டு, கடையிலிருந்து இரண்டு வரி. யார் எழுதுகிறீர்கள்?